‘ஃபார்மட் போட்டுடுங்க’

போன ஆவணியில் ஒரு காலை. கடை ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருப்பேன். வாசலில் பத்திரம் எழுதுகிற ஐயா ஒருவர் நின்றார். டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம் ஒரு உரச் சாக்கு, சாக்குக்குள் சிபியு. மறுநாள் முகூர்த்த நாள். நான்கு கிரயப் பத்திரங்கள் பதிவாக வேண்டும். நான்கும் அந்தச் சாக்குக்குள்தான் இருந்தன.

“நேத்து மழையில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சும்மா. அதுக்கப்புறம் ஏறவே மாட்டேங்குது. பக்கத்துத் தெருப் பையன்கிட்டக் காட்டினேன், ஃபார்மட் போடணும்னுட்டான். போட்டுடுங்க.”

“பத்திரத்தையெல்லாம் எங்கய்யா வச்சிருக்கீங்க?”

“டெஸ்க்டாப்லதாம்மா. கண்ணு முன்னாடியே பத்திரமா இருக்கட்டும்னு.”

கண் முன்னால் இருப்பது பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். விண்டோஸ் குடியிருக்கும் அதே வீடு. சி டிரைவை ஃபார்மட் போட்டால் விண்டோஸோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

அருப்புக்கோட்டையில் 2004-இல் நான் ஆரம்பித்தது பிரவுசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் பார்க்க வாசல் வரை வரிசை நின்ற காலம். கைக்குக் கை போன் வந்ததும் அந்த வரிசை கலைந்தது. கெட்டுப்போன என் சொந்த கம்ப்யூட்டர்களை நானே பிரித்துப் பிரித்துப் பழகியிருந்ததால் கடை சர்வீஸ் கடையாக மாறியது. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “சார் இல்லையா?” என்பார்கள். இல்லை, நான்தான்.

இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ‘ஃபார்மட் போட்டுடுங்க’. டாக்டரிடம் போன உடனே ‘ஊசி போட்டுடுங்க’ என்று சட்டைக் கையை மடிப்பது போல. போடுகிறவர்களுக்கும் அது வசதி. என்ன கோளாறு என்று யோசிக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் கூலி கைக்கு வந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன், 2008 வரைக்கும். அந்த வருஷம் நூல் வியாபாரி ஒருவரின் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வந்தது. “கணக்கெல்லாம் டி டிரைவ்ல இருக்கு” என்றார். திறந்து பார்த்துச் சரிபார்க்க வழியிருந்தும் பார்க்காமல் நம்பினேன். இருந்தது மை டாக்குமென்ட்ஸில். மூன்று வருஷக் கணக்கு. அவர் திட்டவில்லை. இப்போதும் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கடைப் பக்கம் மட்டும் வருவதில்லை.

ஆகவே ஐயாவை ஸ்டூலில் உட்கார வைத்து, சாக்கைப் பிரித்தேன்.

முதலில் காதைக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்க் பக்கம் வைப்பேன். டிக், டிக் என்று கடிகாரம் மாதிரி சத்தம் வந்தால் அது சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எந்த ரிப்பேரும் ஓட்டக்கூடாது, ஃபைலை மீட்பதுதான் ஒரே வேலை. இவருடையதில் அந்தச் சத்தம் இல்லை. ஸ்விட்சைப் போட்டேன். விண்டோஸ் சின்னம் வந்தது, கீழே ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்றது, கொஞ்ச நேரம் சுற்றியது, ‘உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் கைவிரித்தது. பக்கத்துத் தெருப் பையன் இதைப் பார்த்துத்தான் ஃபார்மட் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வரிக்குக் கீழே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதை அழுத்தினால் வரும் நீலத் திரை, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு குட்டி விண்டோஸ். பெயர் ரெகவரி என்விரான்மென்ட். எக்ஸ்பி காலத்தில் இந்த மாதிரி வேலைக்கு சிடியைத் தேட வேண்டும். 2007-இல் வெளியான விஸ்டாவில் இது டிவிடியோடு வந்தது. 2009-இல் விண்டோஸ் 7 வந்த பிறகு ஹார்ட் டிஸ்கிலேயே தனி இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பெரிய விண்டோஸ் படுத்துவிட்டாலும் இது எழுந்து நிற்கும். வீட்டுக்குள்ளேயே முதலுதவிப் பெட்டி இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்கு அது எந்த அலமாரியில் என்று தெரியாது.

போய்ச் சேர வழி சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஏறுகிறது, ஆனால் முரண்டு பிடிக்கிறது என்றால், கீபோர்டில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். ஏறவே இல்லையென்றால், விண்டோஸ் சின்னம் தெரியும்போது பவர் பொத்தானை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், ‘இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று அதுவே புரிந்துகொண்டு இந்தத் திரையைக் கொண்டுவரும். பழைய ஆட்கள் இன்னமும் எஃப் 8 பொத்தானைத் தட்டித் தேய்க்கிறார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது வேலை செய்வதில்லை, நாமாகப் போய் மாற்றி வைத்தால் ஒழிய.

நீலத் திரையில் ‘ட்ரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அங்கே ஐந்தாறு கட்டங்கள். நான் தொட்டது ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’. கறுப்புத் திரை வந்ததும் ஐயா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

“என்னம்மா, கறுப்பாயிடுச்சு?”

“உட்காருங்கய்யா. உங்க பத்திரத்தைத்தான் தேடறேன்.”

இதை ஒரு சின்ன வித்தை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால், சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனு, ஓப்பன். ஒரு ஜன்னல் வரும். கீழே ‘டெக்ஸ்ட் ஃபைல்ஸ்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஃபோல்டரெல்லாம் காலியாகத் தெரியும், நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். மாற்றியதும் எல்லா டிரைவும், எல்லா ஃபோல்டரும், எல்லா ஃபைலும் வரிசையாக நிற்கும். இங்கே டிரைவ் எழுத்து இடம் மாறியிருக்கலாம். உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எக்ஸ் என்று ஒன்று தெரியும், அது அந்தக் குட்டி விண்டோஸின் தற்காலிக வீடு, அதைத் தொட வேண்டாம். ஐயாவின் டிரைவ் டி-யாக மாறியிருந்தது. யூசர்ஸ், அவர் பெயர், டெஸ்க்டாப். உள்ளே ‘நாளை’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் நான்கு பத்திரம்.

“அதாம்மா, அதான்!” என்றார்.

பென் டிரைவைச் செருகி, ஃபோல்டர்மேல் ரைட் கிளிக், காப்பி. பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். ஃபைல் போகும்போது இங்கே அந்தப் பச்சைக் கோடு ஓடாது. திரை உறைந்துபோன மாதிரி நிற்கும். பலர் பயந்துபோய் ஆஃப் செய்துவிடுவது இந்த இடத்தில்தான். பென் டிரைவில் விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள், காத்திருக்க வேண்டும். நான்கு பத்திரமும் நொடியில் வந்துவிட்டன. அவருடைய மற்ற ஃபோல்டர்களும் பேத்தியின் காதணி விழாப் படங்களும் வர முக்கால் மணி நேரம் பிடித்தது. அவர் டீ குடித்துவிட்டு எனக்கும் ஒரு வடையைக் காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் மற்றக் கட்டங்களையும் சொல்லிவிடுகிறேன்.

‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்பது சேஃப் மோடுக்குப் போகும் வழி. அதைத் தொட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5 என்றால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு. இதை நான் பத்தியச் சாப்பாடு என்பேன். அவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும், மற்றதெல்லாம் நிறுத்தி வைக்கப்படும். பத்தியத்தில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால், நோய் விண்டோஸில் இல்லை, நாம் பிறகு ஊட்டிய ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஒரு டீச்சரின் லேப்டாப் லாகின் ஆனதும் இருண்டுவிடும். சேஃப் மோடில் பளிச்சென்று வந்தது. முந்தின நாள் டிஸ்ப்ளே டிரைவர் மாறியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் போய்ப் பழைய டிரைவருக்குத் திருப்பினேன். பத்து நிமிஷ வேலை. திரை போய்விட்டது, புதுசு மாற்ற வேண்டும் என்று அவரிடம் வேறு ஒருவர் விலையே சொல்லியிருந்தாராம்.

‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ பெயரிலேயே புரியும். நேற்று அப்டேட், இன்று தகராறு என்றால் முதலில் இங்கே போங்கள். பெரிய வெர்ஷன் அப்டேட்டாக இருந்தால் பத்து நாளுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் பழையதை விண்டோஸ் அழித்துவிடும்.

‘சிஸ்டம் ரிஸ்டோர்’ 2000-இல் விண்டோஸ் எம்இ-யோடு வந்த பழைய சரக்கு. எம்இ-யை யாரும் நல்லவிதமாக நினைவில் வைத்திருக்கவில்லை. அது பெற்ற பிள்ளை மட்டும் தேறிவிட்டது. குறித்து வைத்த ஒரு தேதிக்கு விண்டோஸை மட்டும் திருப்பிக் கொண்டுபோகும். நம் ஃபைல்களைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்கள் மட்டும் போகும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், ஆனால் கடைக்கு வரும் பாதி கம்ப்யூட்டரில் இதை உபயோகிக்க முடிவதில்லை. திறந்தால் ‘ரிஸ்டோர் பாயின்ட் ஏதும் இல்லை’ என்று சொல்லும். பல கம்ப்யூட்டரில் இது வாங்கும்போதே அணைந்து கிடக்கிறது. தேடும் கட்டத்தில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்’ என்று அடித்து, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் போய் ‘டர்ன் ஆன்’ செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் நாளில் இதைச் செய்யுங்கள்.

‘ரீசெட் திஸ் பிசி’ பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதில் இரண்டு வழி. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாம் போகும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், விண்டோஸ் புதிதாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்ட புரோகிராம் ஒன்றும் மிஞ்சாது, எழுத்துருவும் மிஞ்சாது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது தனி ஆபத்து. எங்கள் ஊரில் பத்திரம் எழுதுகிறவர்கள், அச்சகத்துக்காரர்கள் பலரும் இன்னும் யூனிகோடுக்கு வரவில்லை. வானவில் அவ்வையார், பாமினி என்று பழைய எழுத்துருதான். இந்த எழுத்துருக்களில் ‘அ’ என்று கண்ணுக்குத் தெரிவது, ஃபைலுக்குள் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துரு போய்விட்டால் முகமூடி கழன்ற மாதிரி உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகக்காரர் தானே ரீசெட் போட்டுவிட்டு ஓடி வந்தார். “அக்கா, ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு, எல்லாம் இங்கிலீஷ்ல கன்னாபின்னான்னு வருது!” ஒன்றும் கெடவில்லை. என்னிடமிருந்த எழுத்துருவைப் போட்டதும் மணமகனும் மணமகளும் தமிழுக்குத் திரும்பினார்கள். ரீசெட்டுக்கு முன்னால் நீங்கள் பயன்படுத்தும் எழுத்துரு ஃபைலையும் தட்டச்சு மென்பொருளையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் நடுவே ‘கிளவுட் டவுன்லோடா, லோக்கலா’ என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜிபிக்கு மேல் இறக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அன்றைய டேட்டாவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளவும்.

புது லேப்டாப்காரர்களுக்கு வேறு ஒரு பூட்டு. பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் சங்கேதமாக்கி வைக்கும் வசதி. லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை எவனும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் ரெகவரி கருவிகளைத் தொடப்போனால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு லாகின் செய்திருந்தால் சாவி அந்த அக்கவுன்ட்டில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கல்லூரி மாணவி ஒருத்தி புராஜெக்ட் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது அப்படி மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் அக்கவுன்ட்டில் தேடினால் சாவியே இல்லை. விசாரித்தால், லேப்டாப் விற்ற கடைப் பையன் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தன் சொந்த ஈமெயிலைப் போட்டு முதல் லாகின் செய்து கொடுத்திருக்கிறான். வீடு இவளுடையது, சாவி அவன் பாக்கெட்டில். நல்லவேளை, போன் எடுத்தான். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்களை அவன் வாசிக்க, நான் எழுத, அவள் அடிக்க, மூன்றாவது முயற்சியில் திறந்தது. புது லேப்டாப் வாங்கினால் முதல் லாகினை நீங்களே செய்யுங்கள். சாவியைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

இதெல்லாம் சின்ன ஊர்க் கடையின் கைவேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. சுமார் 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு என்ன மருந்து சொன்னார்கள் தெரியுமா? சேஃப் மோடு அல்லது ரெகவரியின் கறுப்புத் திரைக்குப் போ, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்த ஒரு ஃபைலை அழி, ரீஸ்டார்ட் செய். கம்ப்யூட்டர் ஏறாததால் தூரத்திலிருந்து செய்ய முடியவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு ஆள் போய் நிற்க வேண்டியதாயிற்று, பிட்லாக்கர் சாவியோடு. அன்று டிவி செய்தியைப் பார்த்தபோது, கோட்டு சூட்டு போட்டவர்களும் என் நீலத் திரைக்கு வந்துவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதலுதவிப் பெட்டியும் பழுதாகும். 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு ரெகவரித் திரையில் யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யவில்லை. திரை வரும், எதையும் தொட முடியாது. அவசர அவசரமாக ஒரு திருத்த அப்டேட் விட்டார்கள். அந்த ஒரு வாரம், மேஜைக்கடியில் கிடந்த பழைய பச்சை, ஊதா முனை வைத்த கீபோர்டும் மவுஸும் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தன. இந்தப் பழசுகளுக்கு அந்தக் கோளாறு இல்லை. இப்படியும் ஆகும் என்பதால், நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் எட்டு ஜிபி பென் டிரைவைச் செருகி விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒன்று தயாரித்து வைத்திருப்பேன். அதிலிருந்து ஏற்றினாலும் ‘ரிப்பேர்’ என்ற வழியில் இதே கட்டங்களுக்கு வரலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கும் இப்படி ஒரு அறை உண்டு. ஆப்பிளின் சொந்த சிப் உள்ளதில் பவர் பொத்தானை விடாமல் அழுத்த வேண்டும், பழைய இன்டெல் மேக்கில் கமாண்ட், ஆர் இரண்டையும் சேர்த்து. எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு மேக் வந்தால் அதிகம், அதனால் இதோடு விடுகிறேன்.

வடை ஆறுவதற்குள் பென் டிரைவ் விளக்கு நின்றுவிட்டது. பத்திரங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று ஐயாவையே படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கெல்லைகளையும் சத்தமாகப் படித்தார். “வடக்கே ஊரணி… சரியா இருக்கும்மா.” அதற்குப் பிறகுதான் ரிப்பேரில் கை வைத்தேன். இந்த வரிசையை மட்டும் நான் மாற்றுவதே இல்லை. முதலில் ஃபைல், அப்புறம்தான் வைத்தியம்.

மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. கம்ப்யூட்டர் டிஸ்கில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அடங்கல் கணக்கு அரைகுறையாக நின்றுவிடும். நிலம் இருக்கும், பட்டா குழம்பிவிடும். ஐயாவுக்கு இப்படிச் சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது. கறுப்புத் திரையில் சிஹெச்கேடிஎஸ்கே, ஒரு இடைவெளி, டி, கோலன், இடைவெளி, ஸ்லாஷ், எஃப். செக்டிஸ்க் என்று வாயால் சொல்வோம். டாஸ் காலத்திலிருந்து இருக்கிற கட்டளை. சர்வேயர் மாதிரி டிஸ்க் முழுக்க நடந்து அடங்கலைத் திருத்தும். கடைசியில் ‘எஃப்’ போடாவிட்டால் பிழையைப் படித்துக் காட்டுமே தவிர, திருத்தாது.

வரி வரியாக ஓடியது. இருபது நிமிஷம் கழித்து, ஃபைல் சிஸ்டத்தில் திருத்தம் செய்யப்பட்டது என்று ஒரு ஆங்கில வரி வந்து நின்றது. ரீஸ்டார்ட். சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. இந்த இடத்தில் நான் திரையைப் பார்க்க மாட்டேன். இருபது வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. ஐயாதான் சொன்னார்:

“என் பேத்தி வந்துட்டாம்மா.” டெஸ்க்டாப்பில் அவள் படம்தான் வால்பேப்பர்.

உள்ளே போனதும், அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டி, சேதமான விண்டோஸ் ஃபைல் இரண்டொன்றைச் சரிசெய்தேன். ரிஸ்டோர் பாயின்ட்டை ஆன் செய்து வைத்தேன். “யூபிஎஸ் பேட்டரி போயிருக்குய்யா. மாத்தலைன்னா அடுத்த மழைக்கு மறுபடி வருவீங்க” என்றேன். “அடுத்த மாசம் மாத்திடுவோம்” என்றார். அந்த அடுத்த மாசத்தை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன்.

பணம் கொடுத்தார். சிபியுவை உரச் சாக்குக்குள் இறக்கி, சணலால் கட்டி, வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான்கு பத்திரமும் காதணி விழாவும் இருந்த பென் டிரைவ் மேஜைமேலேயே கிடந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. பெயர் எழுதி டிராயரில் போட்டேன். அங்கே ஏற்கெனவே ஏழு கிடக்கின்றன.